குணபூசணி அக்கா வீட்டு ரேடியோ

என் வீட்டுக்காரர் அய்யாவு பிரிக்ஃபீல்ட்ஸில் இருபத்தாறு வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தார். மனிதர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஒரு ரேடியோவைத் திறந்துவிட்டால் மட்டும் அதனிடம் மணிக்கணக்கில் முணுமுணுப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். கட்டிய பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேனே.

தனியாக இருக்கும் பெண்கள் வீட்டுக்கு ரிப்பேருக்குப் போவதென்றால் என்னையும் கூட்டிக்கொள்வார். 1990இல் குணபூசணி அக்கா வீட்டுக்கு நான் போனதும் அப்படித்தான். அக்கா யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவர் சிவசம்பு ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஹாலில் அவர் வாங்கிய பெரிய ரேடியோ இருந்தது. முகப்பைச் சுற்றி வெள்ளி நிறத்தில் உலோகச் சட்டம்.

“தம்பி, சத்தம் கரகரக்குது. அதை மட்டும் பாருங்கோ. வேற ஒண்டையும் தொடாதேங்கோ,” என்றார்.

“ஏன்க்கா?” என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“எங்கட இவர் அதுக்குள்ளதான் இருக்கிறார், பிள்ளை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்ச கையோட ரேடியோ பழுதாப் போச்சு. தம்பிதான் திருத்தித் தந்தவர். அண்டையிலயிருந்து இதில கை வைச்சா அவர் தொடுறது தெரியும். விரலில மெல்ல ஊரும். காலமை குளிச்சுப்போட்டு வந்தா எனக்கு முதல் வேலை அதுதான். இப்ப கொஞ்ச நாளா நல்லா இறுக்கிப் பிடிக்கிறார்.”

சொல்லும்போது அவர் முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம் இருந்தது. பலகாரம் சுட்டுத் தேநீர் போட அவர் உள்ளே போனதும் வீட்டுக்காரர் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முணுமுணுக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மஞ்சள் நிறத்தில் ஒரு கெப்பாசிட்டர், வயிறு வெடித்துப் போயிருந்தது. அதன் இரண்டு கம்பிக் கால்களிலும் உறையாகப் பச்சை டியூப். அவர் மாட்டும் சாமான் எல்லாவற்றுக்கும் பச்சை டியூப் போடுவது அவர் பழக்கம். எனக்கும் புரிந்துவிட்டது.

“நான் வெச்சதுதான்,” என்றார் மெல்ல. “வீட்டுக் கரண்டுக்கும் இந்த இரும்புக்கும் நடுவுல உட்கார்ற சாமான். அதுக்குன்னே தனியா இருக்கு, மேல ஒய்னு இங்கிலீஷ் எழுத்து போட்டிருக்கும். கெட்டுப்போனாலும் கரண்ட இரும்புக்கு விடாத மாதிரி செஞ்சிருப்பாங்க. அன்னைக்கு அது கையில இல்ல. ஜாலான் பாசார் கடை வரைக்கும் போகச் சோம்பல். பாட்டு கேட்டா போதும்னு, கிடந்த சாதா சாமானப் போட்டுட்டேன். அளவும் பெருசு. அதனால அப்பவே கரண்ட் கசிஞ்சிருக்கு. இது முழுசா போச்சுன்னா ஈரக் கையோட தொடுறப்ப அதோட சரி.”

“அக்காகிட்ட சொல்லிட்டு மாத்துங்க.”

“சொன்னா விடமாட்டாங்க லா.”

அன்றைக்குப் பையில் ஒய் போட்ட சாமான் இருந்தது. மாற்றினார். மூன்று கம்பி உள்ள புது வயரைப் போட்டு எர்த்தையும் சட்டத்தோடு சேர்த்தார். கரகரப்பையும் சரிசெய்தார். டெஸ்டர் எரியவில்லை. பாட்டு தெளிவாக வந்தது.

அக்கா தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ரேடியோ மேல் கை வைத்தார். காத்திருந்தார். மற்றக் கையையும் வைத்தார்.

“இவர் இல்லை,” என்றார்.

வெளி ஆளிடம் என் வீட்டுக்காரர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “அக்கா, அது அண்ணன் இல்ல. நான் அன்னைக்கு மாட்டின தப்பான சாமான். அதுல கசிஞ்ச கரண்டத்தான் நீங்க இத்தனை வருஷமா தொட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல உங்களக் கொன்னிருக்கும். என்னை மன்னிச்சிருங்க.”

அக்கா படித்தவர். எல்லாம் அவருக்குப் புரிந்தது. உள்ளங்கையை நீட்டினார்.

“அதைத் திரும்பப் போடுங்கோ, தம்பி.”

வீட்டுக்காரர் அந்த மஞ்சள் சாமானைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “முடியாதுக்கா.”

அக்கா ரேடியோவை அணைத்தார். “அப்ப இவர் இண்டைக்குத்தான் செத்தவர்,” என்று சொல்லி எங்களுக்குத் தேநீரை எடுத்துக் கொடுத்தார். குடித்தோம்.

அதன்பிறகு அக்கா ஏழு வருஷம் இருந்தார். அந்த ரேடியோவை ஒருநாளும் போடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கந்தசாமி கோயிலில் பார்த்தால் என்னை விசாரிப்பார், என் வீட்டுக்காரரை விசாரிக்க மாட்டார். இவருக்கோ புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. செராஸில் பார்த்த ரிப்பேரோ, கிள்ளானில் பார்த்த ரிப்பேரோ, முடித்ததும் பெட்டியின் இரும்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சில சமயம் எடுக்கவே மாட்டார். “யாரைத் தேடுறீங்க?” என்று கடிந்துகொள்வேன். அந்த மஞ்சள் சாமானைத் தூக்கிப் போடச் சொல்லியும் கேட்கவில்லை. இனி எதிலும் மாட்ட முடியாதபடி கால்கள் இரண்டையும் ஒட்ட வெட்டி, மேசை டிராயரில் வைத்திருந்தார்.

1998இல் அவரும் போய்விட்டார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்ப பந்திங் பஸ் ஏறியதும் வீட்டில் நான் மட்டும். குளித்துவிட்டு, ஈரக் கையோடு, வெறுங்காலோடு அவர் மேசைக்குப் போனேன். செய்யக் கூடாதென்று தெரியாமல் இல்லை. ரேடியோவைப் போட்டுத் தொட்டேன். ஆம்ப்ளிபையரைத் தொட்டேன். டிவியின் பின்பக்கம், மேசை விசிறி, அவர் கைபட்டது எதையும் விடவில்லை.

ஒன்றிலும் ஒன்றுமில்லை. மனுஷன் எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்.