வெள்ளைத் தாள் மேடம்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் சுமதி கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தாள். காலேஜில் பாட்டனி படிக்கிறாள். வந்ததிலிருந்து ஒரே புலம்பல்.

"செடியைக் காயவைக்க எல்லா காலேஜ்லயும் பழைய நியூஸ்பேப்பர்தான் சித்தப்பா. எங்க மேடம் மட்டும் வெள்ளைத் தாள்லதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. எழுத்து இருந்தா போச்சு... பேப்பரைத் திருப்பிக் கையில குடுத்துடறாங்க. கொஞ்சம் லூஸுன்னு நினைக்கிறேன்!"

சிரித்துக்கொண்டே மேடம் பெயர் என்ன என்று கேட்டேன்.

"மும்தாஜ் மேடம்."

அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

நானும் மும்தாஜும் பெங்களூரில் ஒரே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நான் கெமிஸ்ட்ரி, அவள் பாட்டனி. நான் ஓசூர்க்காரன். அவள் ஓசூரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். தினமும் ஒரே பஸ்.

பெரிய கேம்பஸ். தைல மரங்களுக்கு நடுவே ஒரு டிபார்ட்மெண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். கேண்டீனில் கன்னடம், லேபில் இங்கிலீஷ், மரத்தடியில் எங்கள் தமிழ். நடுநடுவே வீட்டுத் தெலுங்கு. யார் எந்த மொழியில் ஆரம்பித்து எதில் முடித்தார்கள் என்று அன்று யார் கவனித்தார்கள்? கடைசி பீரியட் முடியும் முன்பே நாங்கள் பஸ்ஸுக்கு எழுந்தால், "ஓசூர் பார்ட்டி, கிளம்புங்கள்" என்று புரொஃபஸரே வழியனுப்புவார்.

மும்தாஜின் அத்தா கிருஷ்ணகிரியில் மாங்காய் வியாபாரி. மகளிடம் ஒரு பேச்சு பேசியிருந்தார். ரேங்க் வாங்கினால் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யலாம். இல்லையென்றால் நிக்கா. மாப்பிள்ளை வீடு தயாராக இருந்தது.

ரேங்க் அவளுக்குத்தான் என்று டிபார்ட்மெண்டே சொன்னது. கடைசி பிராக்டிகல் மட்டும்தான் பாக்கி. அதற்கு ஹெர்பேரியம் காட்ட வேண்டும். அதாவது, பேப்பர் நடுவே அழுத்திக் காயவைத்த செடிகளை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதிக் கொண்டுபோக வேண்டும். அட்டையை டிபார்ட்மெண்டில்தான் கொடுப்பார்கள். அதனால் பரீட்சையன்று காலையில் ஒட்டுவதுதான் அங்கே வழக்கம்.

அந்த வாரம் பார்த்துக் காவிரிப் பிரச்சினை பற்றிக்கொண்டது.

பரீட்சையைத் தள்ளிவைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வைக்கவில்லை. வெளியூர் எக்ஸாமினர் வந்து இறங்கிவிட்டாராம். நம் பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். அங்கிருந்து எல்லையை நடந்து தாண்டி, அத்திப்பள்ளியில் கர்நாடக பஸ் பிடிக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அன்று பயமாக இருந்தது. மும்தாஜின் அத்தாவும் எங்களோடு வந்தார்.

எவ்வளவு உஷாராக இருந்தோம் தெரியுமா? என் பையிலிருந்த தமிழ் வாரப்பத்திரிகையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன். பஸ்ஸில் கன்னடத்தைத் தவிர வேறு பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். செடிகள் இருந்த துணிப்பையில் தமிழில் ஜவுளிக்கடைப் பெயர். அத்தா அந்தப் பையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, செடிக்கட்டை மறுபடி உள்ளே வைத்தார்.

அந்தச் செடிக்கட்டு முழுக்கத் தமிழ் நியூஸ்பேப்பர்!

மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது பேப்பரே அல்ல... செடி.

அத்திப்பள்ளி தாண்டி ஓர் இடத்தில் பஸ்ஸை நிறுத்தி நாலைந்து இளைஞர்கள் ஏறினார்கள். எங்கள் வயதுதான். ஒருவன் பையைக் காட்டி என்ன என்று கேட்டான். அத்தா நல்ல கன்னடத்தில், பரீட்சைக்குச் செடி என்றார். பிரித்தான். எழுத்தைப் பார்த்தான்.

அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மும்தாஜின் முகத்தை ஒருமுறை பார்த்தான். "கிட இட்கொள்ளி. பேப்பர் பேட" என்றான். செடியை வைத்துக்கொள்ளுங்கள், பேப்பர் வேண்டாம். நியாயமாக நடந்துகொள்வதாகத்தான் நினைத்திருப்பான்.

ஒவ்வொரு தாளாக அவள் மடியில் உதறினான்.

காய்ந்த செடி என்ன ஆகும்? அப்பளம் மாதிரி நொறுங்கியது. மாதக்கணக்கில் மலை மலையாக அலைந்து சேர்த்தவை. மும்தாஜ் அழவில்லை. துப்பட்டாவை விரித்து, விழ விழ ஏந்திக்கொண்டாள்.

இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அதே வாரம் கன்னட எழுத்து இருந்த லாரிகளை நம்மவர்கள் மறித்ததையும் பார்த்தவன் நான்.

என் பரீட்சை மதியம்தான். பாட்டனி லேபுக்கு வெளியே அத்தாவோடு நின்றிருந்தேன். மும்தாஜ் துப்பட்டாவை மேஜைமேல் பிரித்து வைத்தாள். அவளுடைய கைடு ஒரு கன்னட அம்மையார். எக்ஸாமினரிடம் எவ்வளவோ வாதாடினார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். எக்ஸாமினர் சொன்னது ஒன்றுதான்: "எனக்கும் வருத்தம்தான். ஆனால் தூளுக்கு நான் எப்படி மார்க் போடுவது?"

அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "பையைத் திருப்புனேனே... உள்ள இருக்கறதப் பாக்கலியேப்பா" என்றார்.

மும்தாஜ் பாஸ். ரேங்க் வேறொருவருக்குப் போனது. அத்தா மனம் மாறி, "போனா போவுது, நீ மேல படிம்மா" என்றார். ஆனால் உதவித்தொகை ரேங்க்காரர்களுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருக்கத் தயாரில்லை. நிக்கா நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிறகு அவள் கிருஷ்ணகிரியில் ஒரு காலேஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான்.

நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். சரிதான். கலவரம் முடிந்ததும் எரிந்த பஸ்ஸைக் கணக்கெடுக்கிறோம், உடைந்த கடையைக் கணக்கெடுக்கிறோம். ஒரு பெண் எழுதாமல் போன ஆராய்ச்சியை யார் கணக்கில் சேர்ப்பது?

இதை அப்படியே சுமதியிடம் சொன்னேன்.

"மேடம் ஒருநாள்கூட இதச் சொன்னதில்ல சித்தப்பா" என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்:

"பேப்பரைத்தான் திருப்பிக் குடுப்பாங்க. செடியை உதற மாட்டாங்க. எவ்வளவு நேரமானாலும் அவங்களே உக்காந்து, ஒவ்வொரு இலையா வெள்ளைத் தாளுக்கு மாத்துவாங்க."