அரிசிக்குள் விழுந்த குகை

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அரிசி ஸ்டோரில் புடைக்கிற வேலை தெரேசாவுக்கு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைவிட்டது. கணக்கு மட்டும் கைவிடவில்லை.

ஸ்டோரில் ஆள் உயரத்துக்கு மேலான மரப் பத்தாயம். அரிசியை மேலே கொட்டி, அடியிலுள்ள பலகையைத் தூக்கி வழியவிட்டு எடுப்பார்கள். மழை மாதங்களில் அரிசி ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். எடுக்க எடுக்க உள்ளே குகை விழும்; மேலே பாய் விரித்ததுபோல் சமமாகக் கிடக்கும். 1933 ஆனியில் ஸ்டோர்க் கணக்கெழுதும் கிளாக்கர் பொன்னுத்துரை "ஏறி மிதியடா" என்றார். ஏறிய அவள் புருஷன் வில்பிரட் குகைக்குள் போய் மூச்சடைத்துச் செத்தான்.

"குடிவெறியில விழுந்தவன். வெறியில்லாதவன் அரிசியில தாழுவானோ?" என்றார் கிளாக்கர், விசாரணையில். வில்பிரட் கித்துள் கள்ளின் வாசத்துக்கே தும்முகிறவன்.

தெரேசா அழுது முடித்து, ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் பக்கத்தை வெட்டி, மாதா படத்துக் கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே தெரிகிற சின்னப் பத்தாயமாக்கினாள். மாதா கோபிக்கவில்லை, அவளுக்கும் காற்று வேண்டியிருந்திருக்கும். ஈர அரிசிக்கிடையில் மஞ்சள் பூசிய அரிசியை வரிவரியாகப் பரப்பி, அடியில் சுரண்டி, மேலே கல் வைத்தாள். மஞ்சள் வரி வளைந்த விதத்தில் பாரம் போகும் வழி தெரிந்தது: குகைக்கு நேர்மேலே நிற்காமல், இரு தோள்களிலும் சாய்ந்து இறங்கியது. ஒரு வருஷம் சுவரெல்லாம் கரிக்கோடு. குகை இரண்டு மடங்கு அகன்றால் கூரை நாலு மடங்கு தடிக்க வேண்டும். இல்லாவிட்டால் போச்சு.

பிறகு கிளாக்கரை அளந்தாள். உயரத்துக்கு, அவர் சாய்கிற நிலைக்காலில் தலையெண்ணெய்க் கறை. எடைக்கு, மாதாமாதம் தராசில் ஏறி அவரே அடிக்கிற பெருமை.

அடுத்த வருஷம் ஆடியில், தொழிலாளர்களுக்கு அரிசி அளந்து போடும் சனிக்கிழமை காலை. வாசலில் நீண்ட வரிசை. பலகையைத் தட்டிக் குகையின் அகலத்தைக் காதால் அளந்தாள்; மூங்கில் குச்சியைக் குத்திக் கூரையின் கனம் பார்த்தாள். ஏறி நடுவில் நின்றாள். காலடியில் நறநறத்தது. அவள் எடைக்குத் தாங்கியது.

"கிளாக்கரய்யா, அரிசி எறங்க மாட்டேங்குது. ஏறி மிதிச்சுக் குடுங்க."

"நானோ? என்ன விசர்க்கதை?"

"நான் நிக்கிறேன்ல? குடிக்காதவங்க தாழ மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இல்ல, காலையிலேயே...?"

வரிசை சிரித்தது.

"ஓம், வாறன் பொறு!"

அவள் விளிம்புப் பலகைக்கு ஒதுங்கினாள். ஏறி வந்த கிளாக்கர் மூன்றாவது அடியில் காணாமல் போனார். கழுத்துக்கு மேல் மட்டும் மிச்சம்.

"ஐயோ, தூக்கு!"

"குடிச்சிருக்கீங்களாங்கய்யா?"

"ஒரு சொட்டும் இல்லையடி!"

"அப்ப வில்பிரட்டு?"

பக்கத்து அரிசி சரிந்து தாடையைத் தொட்டது. அது அவள் கணக்கில் இல்லை. தூக்கிவிடக் கொண்டுவந்த கயிறு அவள் கையில் இருந்தது, கை அசையவில்லை.

"அவனும் குடிக்கேல்லை! நான்தான் ஏத்தினனான்!"

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கிளாக்கர் கத்தினார். வரிசைக் கடைசியில் நின்ற ராஜலிங்கம் கங்காணி காதில் கைவைத்து, "இன்னும் கேக்கலம்மா!" என்றார்.

மூன்றாம் தடவை, தொண்டை கட்டி, வில்பிரட்டின் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுசாகச் சொன்ன பிறகுதான் கயிறு விழுந்தது.