பெயர் இரண்டு, பாதை ஒன்று

இரண்டாயிரங்களின் நடுவில் பதுளை நகரத்துத் தனியார் கணினிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினேன். 'இரண்டு இணைய இணைப்புகள் உண்டு' என்று வாசலில் பலகை தொங்கும். ஒன்று அறுந்தால் மற்றது கைகொடுக்கும் என்பது எங்கள் கல்லூரி அதிபரின் நம்பிக்கை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். "வேற கம்பெனி, வேற பாதை சார்" என்று சொல்லி இரண்டாவது இணைப்பை அவர் தலையில் கட்டியவர், டை கட்டிய ஒரு விற்பனை அதிகாரி.

இணைப்புகள் இரண்டும் பாசமுள்ள அண்ணன் தம்பிகள். படுத்தால் சேர்ந்தே படுக்கும். எனக்கு உறுத்தியது. செய்தி எந்த வழியாகப் போகிறது என்று கணினியிலிருந்தே விசாரித்தால், இடையிலிருந்த கம்பெனிக் கருவிகள் வாயே திறக்கவில்லை. சரி, நம் முனையில் உட்கார்ந்தே அளப்போம் என்று, கொழும்பில் வெவ்வேறு இடங்களிலிருந்த இரண்டு கணினிகளுக்கு, இணைப்புக்கு ஒன்றாக, விநாடிக்கொரு சிறு செய்தி அனுப்பினேன். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு வாரம் பதிந்தேன். ஒன்று தாமதித்த விநாடியில் மற்றதும் தாமதித்தது. ஒன்றில் ஏழு செய்திகள் தொலைந்தால் மற்றதிலும் அதே ஏழு விநாடிகள் காலி.

இரண்டையும் ஒரே தாளில் கோடுகளாக வரைந்து அதிபரிடம் நீட்டினேன். "பேருதான் சார் ரெண்டு. பாதை ஒண்ணுதாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "வடிவா ஒத்துப்போகுது தம்பி. அப்ப ரெண்டும் ஒரே தரம். நல்ல விசயம்தானே."

அடுத்த மாதம் இணையவழிப் பரீட்சை. தொடங்கிப் பத்து நிமிடத்தில் இரண்டும் ஒற்றுமையாகச் செத்தன. மொனராகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு பெண், "ரெண்டு லைன் இருக்குன்னுதானே சார் போட்டிருக்கீங்க?" என்று அமைதியாகக் கேட்டாள்.

அதிபருக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. "நீர் ஒரு கிழமை விடாமல் அளந்தீர் எல்லோ. அதிலதான் லைன் களைச்சுப் போட்டுது."

டை கட்டியவர் மறுபடி வந்தார். இந்த முறை கூரையில் அண்டெனா வைத்த மூன்றாவது இணைப்பு. அதையும் அளந்தேன். மற்ற இரண்டும் படுத்தபோது இது நிமிர்ந்து நின்றது. சத்தியமாக வேறு பாதைதான். நமுனுகுல மலைப் பக்கம் மழை இறங்கினால் மட்டும் படுத்துவிடும்.

"அப்ப மழையில்லாத நாளாப் பார்த்துப் பரீட்சையை வையும்" என்றார் அதிபர். வைத்தேன், நான்கு தடவை தள்ளிப்போட்டு.