மஞ்சள் குளிசையின் நித்திரை

நான் முன்னேஸ்வரத்துக்காரி. கோயிலுக்குப் பக்கத்து வீடு, வயல், கிழமையில் பாதி நாள் மரக்கறிச் சாப்பாடு. கல்யாணமாகிக் கடற்கரை ஊரான உடப்புக்கு வந்தபோது நாட்டில் சண்டை முடிந்து, கடலில் கெடுபிடி குறைந்திருந்தது. என் கணவரின் படகு முன்னைவிடத் தூரம் போகத் தொடங்கியது. கரைக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த சூரை மீனைக் கறியாக்கினேன். மாமி நேர்த்திக்காக அந்த மாதம் மீன் தொடுவதில்லை. நானும் அவரும்தான் சாப்பிட்டோம். மிளகை அள்ளிப் போட்டதுபோல நாக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. அவர் ஓடிப்போய்ப் பாமசியில் மஞ்சள் குளிசை வாங்கி வந்து தந்துவிட்டு, வலை பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

குளிசை சிவப்பை அடக்கியதோடு நிற்கவில்லை, என்னையும் சேர்த்து அடக்கியது. கண்ணை மூடியதும் கடல் வீட்டுக்குள் வந்து என் பாயைத் தூக்கிக்கொண்டது. எங்கோ முன்னேஸ்வரத்து மணி அடித்தது. எங்கள் வயல் முழுக்க உப்புத் தண்ணீர். அதற்குள் நெற்கதிர்கள் அசைய, அவற்றுக்கு இடையில் சூரைகள் சத்தமில்லாமல் திரிந்தன. யாரோ கூப்பிட்டார்கள். ஓம் என்று சொல்லப் பார்த்தேன், வாய் காய்ந்து சத்தம் வரவில்லை. பயமே இல்லை. அவ்வளவு சுகமான நித்திரை அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

எழும்பியபோது மாமி தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்.

"கோயிலடிப் பிள்ளைக்கு மீன் ஒத்துக்காது. பாவம், அதுக்கு வேற சட்டி வெப்பம்."

அந்தப் பாவம்தான் என்னைச் சுட்டது. மீன் வாசம் போகாத வீட்டில் மீன் தின்ன முடியாத மருமகள்! சாப்பாட்டு நேரம் வந்தால் நான் அந்த வீட்டு விருந்தாளி ஆகிவிடுவேன்.

சிலாபத்தில் ஒரு டொக்டரிடம் என் கணவரே கூட்டிப் போனார். டொக்டர் பொறுமையானவர்.

"எங்கட உடம்புக்குள்ள ஹிஸ்டமின் எண்டு ஒரு சாமான் இருக்கு. அது வந்து இருக்கிறதுக்குக் கதிரைகளும் இருக்கு. தோலில அந்தக் கதிரையில வந்து இருந்தா சிவக்கும், கடிக்கும், சொறியச் சொல்லும். குளிசை முந்திப்போய் அதில இருந்திடும். பிறகு வந்தது நிக்கத்தானே வேணும்?"

"அப்ப நித்திரை ஏன் வருது டொக்டர்?"

"மூளையிலயும் அதே கதிரை இருக்கு. அங்க ஹிஸ்டமின் இருந்தாத்தான் நாங்க முழிச்சிருப்பம். இந்தப் பழைய குளிசை மூளைக்குள்ளயும் போயிடும்."

பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்த சூரைக்குள்ளயும் அந்தச் சாமான் உண்டாகும். கொதிக்க வெச்சாலும் போகாது. ஆனா அது எண்டா, கூடச் சாப்பிட்ட ஆளுக்கும் வரும்." அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஒண்டும் வரல்லயா?" என்றார்.

"இல்ல டொக்டர்," என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி.

"அப்ப இவங்கட உடம்புதான். இனி மீன் வேணாம்."

பஸ்ஸில் திரும்பும்போது களப்புத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

பிறகொரு மத்தியானம் எனக்குப் பருப்பு, அவருக்குச் சூரை. சாப்பிட்டவர் கரைக்குப் போய்விட்டார். தேத்தண்ணி கொண்டு போனேன். பகலில் கண் மூடி யாரும் பார்த்திராத மனிதர், படகின் நிழலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். உதடு காய்ந்திருந்தது. தொட்டு எழுப்பினேன். அரைக்கண் திறந்து, "தண்ணி" என்று சிரித்துவிட்டு மறுபடியும் போய்விட்டார். அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடலுக்குள் நானும் போய் வந்தவள்தானே. வெயிலில் கறுத்த நெஞ்சில் சிவப்புத் தெரியவில்லை, கை வைத்தால் கொதித்தது. சாரத்து மடிப்பில் மஞ்சள் குளிசைகள்.

வந்த ஆத்திரத்துக்கு ஒரு வாளி கடல்தண்ணீரை முகத்தில் ஊற்றியிருப்பேன். முகத்தில் இருந்த சுகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலைச் சத்தத்தில் எனக்கே கண் சொக்கியது. நிழல் நகர்ந்த பிறகுதான் அவர் எழும்பினார்.

"அண்டைக்கும் உங்களுக்கு வந்ததா?"

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"தூரம் போக எஞ்சினுக்கு எண்ணெய் கூட வேணும். அதுக்கு இடம் எடுக்க ஐஸ் பெட்டிய இறக்கி வெச்சிட்டன். என்ட மீன் கெட்டது எண்டு கரையில கதை வந்தா யாரு வாங்குவாங்க?"

"அதுக்காக என்ட உடம்பைக் கெட்டது எண்டு சொல்ல விட்டீங்க."

அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் அவராகவே என்னோடு சிலாபத்துக்கு வந்து டொக்டரிடம் உண்மையைச் சொன்னார். டொக்டர் அவரை நன்றாக ஏசிவிட்டு, ஐஸ் போட்ட மீனைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று எனக்குச் சொன்னார். ஐஸ் பெட்டி படகில் ஏறியது. அதில் வந்த முதல் சூரையை மாமியின் முன்னால் வைத்து, "பிழை என்ட மீன்லதான் அம்மா, அவவில இல்ல," என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் தனிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

நான் சாப்பிடும்போது இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சிவக்கவில்லை, குளிசையும் தேவைப்படவில்லை. பிறகு பாயில் சரிந்து, கடல் வீட்டுக்குள் வருமா என்று காத்துக் கிடந்தேன். அது கரையிலேயே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நித்திரை வரவேயில்லை.