பச்சையாகிப் போன திடல்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து வாசலைக் கூட்டினேன். விளக்கேற்றிவிட்டுக் கோப்பி கலந்தேன். இரவு ஷிப்டு முடிந்து வந்த கணவர் பசியாறிவிட்டுப் படுக்கப் போனார். பேரனுக்குச் சட்டை தேய்த்து, பாலர் பள்ளி வேனில் ஏற்றிவிட்டேன். வழக்கமாக எட்டு மணிக்கு நான் பேருந்தில் இருப்பேன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் சரக்குப் பொறுப்பு எனக்கு. அன்று லீவு போட்டிருந்தேன். எங்கள் கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், இருக்கும் திடலை வீடு கட்டும் நிலமாக மாற்றித் தரும்படி நகர மன்ற அலுவலகத்தில் பேச வேண்டிய நாள் அது.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று எங்களுக்கு, மற்றது மகன், மருமகள், பேரன் மூவருக்கும். மருமகள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி, பட்டர்வொர்த்துக்கு அப்பால் ஒரு அடுக்குமாடி வீட்டை மகன் பார்த்து வைத்திருந்தான். அந்தச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "பட்டர்வொர்த் என்ன வெளிநாடா, ஃபெர்ரி ஏறினா போச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாருடைய பேரனும் அக்கரைக்குப் போகவில்லை.

திடலும், அதன் பின்னால் இருக்கும் லாலாங் புல் மண்டிய பள்ளக் காடும் ஒரு செட்டியார் குடும்பத்து அறக்கட்டளைக்குச் சொந்தமானவை. வீடு கட்ட அனுமதி கிடைத்தால் மனைகளைக் கம்பத்து ஆட்களுக்கே முதலில் விற்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் எந்த இடத்தில் என்ன வரலாம் என்று முடிவு செய்யும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வெளியானபோது, மேடான திடலுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். பச்சை என்றால் பொழுதுபோக்கு இடம். பின்னால் இருந்த பள்ளத்துக்கு வீடுகளுக்கான மஞ்சள். ஒரு மழை பெய்தால் தவளை கத்தும் இடம் அது. ஏன் இப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம், கூப்பிட்டார்கள்.

கம்பத்துக் கமிட்டித் தலைவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணே. நான் செயலாளர். அவருடைய காரில் போனோம். வீடு யாருக்கு வேண்டும் என்று கேட்டால் காட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று மருமகளும் வந்தாள்.

"தங்கச்சி, நான் முதல்ல பேசறேன். நீ பேப்பர எடுத்து எடுத்துக் குடு" என்றார் அண்ணே.

"நீங்க பேசுங்க அண்ணே. நிறுத்த வேண்டிய எடத்துல நான் இருமறேன்."

"பஸ்ஸுல மணி அடிக்கிற மாதிரியா?"

"அதுக்கும் நீங்க நிறுத்த மாட்டீங்களே அங்கிள்" என்றாள் பின்னால் இருந்த மருமகள்.

கூடத்தில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த மலாய்க்கார அம்மையார்தான் பொறுப்பு. பேச்செல்லாம் மலாயில் நடந்தது. அண்ணே நன்றாகவே தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் கம்பத்தை விட்டுப் போவதைச் சொன்னார், ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருப்பதைச் சொன்னார். அம்மையார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அண்ணேயை மரியாதையாக விளித்து, "ஆனால் என்சிக், அந்தத் திடலை நீங்கள் பூங்காவாக அல்லவா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த இளம் அதிகாரி சுவரில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். எங்கள் திடல்தான். ஒட்ட வெட்டிய புல். ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. பழைய டயர்களுக்கு நீலமும் மஞ்சளும் அடித்து நட்ட செம்பருத்தி. குப்பை போடாதீர் என்று மூன்று மொழியில் ஒரு பலகை. அதன் அருகில், இடுப்பில் கை வைத்து, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தபடி எங்கள் அண்ணே.

"அய்யோ, நான்தான்லா அது" என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பத்தில் கோத்தோங் ரோயோங். எல்லோரும் கூடித் திடலைச் சுத்தம் செய்வோம். அண்ணே புல் வெட்டும் மெஷினை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். நிலத்தைப் பார்க்க மன்றத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று போன வருடம் தெரிந்தபோது, கம்பத்தின் மானம் போகக்கூடாது என்று அதற்கென்றே ஒரு நாள் தனியாகச் செய்தோம். வந்தவர்களுக்கு அண்ணே ரோஜாப் பாகும் பாலும் கலந்த பண்டோங் தண்ணீர் கொடுத்து, சாயங்காலமானால் எங்கள் ஆட்கள் எல்லோரும் இங்கேதான் நடப்பார்கள் என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்பினார். அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் கை வைக்காத பள்ளம் சும்மா கிடக்கும் நிலம் என்று மஞ்சளாகிவிட்டது.

அண்ணே பேச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். திடலைக் கூட்டியது நாங்கள் சுத்தமான ஆட்கள் என்பதால்தான், பூங்கா கேட்டு அல்ல என்று சொன்னேன். மழைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் எடுத்த படங்களைக் கொடுத்தேன். ஒன்றில் என் மகன் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறான். அம்மையாரைப் பார்த்துச் சொன்னேன்: "இரண்டும் ஒரே குடும்பத்து நிலம், புவான். நிறத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள். மேட்டில் வீடு, பள்ளத்தில் பச்சை. கோயில் தேர் திரும்புவதற்குத் திடலின் முன் ஓரத்தை மட்டும் விட்டுவிடுகிறோம்."

"வீடு வந்தால் சாயங்காலம் எங்கே நடப்பீர்கள்?"

நான் யோசிப்பதற்குள் மருமகள் பதில் சொன்னாள். "இங்கே வீடு இல்லை என்றால் நான் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன், புவான். அப்புறம் என் மாமியார் நடப்பதற்குத் துணை யார்?"

அம்மையார் சிரித்தார். மூவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மாற்றிப் போடுவது செய்யக்கூடிய காரியம்தான், பள்ளம் நீங்கள் சொல்வது போல் இருந்தால் நாங்கள் அதையே பரிந்துரைப்போம், வெள்ளிக்கிழமை நேரில் வந்து இரண்டையும் பார்க்கிறோம் என்றார் அம்மையார்.

வெளியே வந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கடையில் சோறு சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை அண்ணே கவுச்சி தொடமாட்டார். வெண்டைக்காயும் முட்டைக்கோசுமாக வாங்கினார், கறிக் குழம்பு என்பதால் அதை ஊற்ற விடவில்லை. பாதிச் சோற்றில் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வராங்க. வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, சும்மா லேசா ஒரு வெட்டு வெட்டிட்டா..."

"அங்கிள்" என்றாள் மருமகள். "அந்த மெஷின்ல கை வச்சீங்க, நான் இப்பவே ஃபெர்ரி ஏறிருவேன்."

"புல்லு கணுக்கால் வரைக்கும் நிக்குது. வர்றவங்க நம்மள என்னா நெனப்பாங்க?"

"வீடு இல்லாத ஆளுங்கன்னு நெனப்பாங்க. நெனைக்கட்டும்" என்றேன்.

அண்ணே மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார். அவருக்கு மனசு ஆறவில்லை என்று தெரிந்தது.

சாயங்காலம் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவன் ரொம்ப நேரம் கேள்வி கேட்டான், பிறகு அடுக்குமாடி ஏஜெண்டை அழைத்து, வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னான். மருமகள் பேரனைக் கூட்டிக்கொண்டு திடலில் நடந்தாள். நானும் போனேன். எங்கே அடுப்படி, எந்தப் பக்கம் வாசல் என்று காலால் கோடு போட்டுக் காட்டினாள். புல் உயரமாக இருந்ததால் கோடு நிற்கவில்லை. டயர் ஓரத்தில் ஒரு காய்ந்த தென்னமட்டை கிடந்தது. குனிந்து எடுக்கப் போய், விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வாசலைக் கூட்டவில்லை. முதல் வேலையாகக் கோயிலுக்குப் பின்னால், புல் வெட்டும் மெஷினை வைத்திருக்கும் சாமான் அறைக்குப் போனேன். அண்ணே எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

"சும்மா பாக்கத்தான் வந்தேன் தங்கச்சி" என்றார்.

நான் கையை நீட்டினேன். அறைச் சாவியைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைப் பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.