மூன்றாவது வாசலின் பூட்டு

கடந்த சனிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும். என் மகள் ஓர் இரும்புக் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றாள். நான் வெளியே நின்றேன். நடுவில் ஒரு சங்கிலி, அதில் ஒரு பூட்டு. சாவி யாரிடமும் இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால்... பொறுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் சேர்ந்து கோபப்படுங்கள்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மகள் அனிட்டாவுக்குப் பதினேழு வயது. இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும் — பியானோ வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு டிரம் அடிக்கப் போனவள். எங்கே அடிக்கிறாள்? நம் தீவுக் கால்பந்து கிளப்பின் ரசிகர் குழுவில். கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள திறந்த படிக்கட்டுகளில் முந்நூறு பேர் நிற்பார்கள். அவர்களை ஆட்டி வைப்பது நான்கு டிரம்கள். அதில் ஒன்று அவளுடையது.

அந்தக் குழுவுக்கு டிரம்தான் பேச்சு. எந்தப் பாட்டு, எப்போது கைதட்டல், எப்போது குதிக்க வேண்டும் — எல்லாவற்றுக்கும் ஓர் அடி உண்டு. மூன்று அடி, சின்ன இடைவெளி, மறுபடி மூன்று அடி. அப்படிக் கேட்டால் 'உட்கார்' என்று அர்த்தம். எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கும்போது இதை அடிப்பார்கள். அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். "திடீர்னு சத்தமே இல்லாமப் போனா பந்து அடிக்கிறவனுக்குக் கால் நடுங்கும்மா" என்பாள் அனிட்டா. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவள் அந்த அடியைத் தட்டினால் என் கணவர் உடனே நாற்காலியில் உட்கார்ந்து, "உட்கார்ந்தாச்சு லா, சோத்தப் போடு" என்பார்.

சனிக்கிழமை ஆட்டம் யாரோடு? அக்கரைக் கிளப்போடு. அதாவது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கட்டிப் பிடித்துக்கொள்வோம். மைதானத்தில் மட்டும் அவர்கள் வேற்று நாட்டார். "பாஸ்போர்ட் கொண்டாந்தீங்களா?" என்று நம் ஆட்கள் கத்துவார்கள். "பாலத்த மூடிட்டா அரிசிக்கு என்னா லா செய்வீங்க?" என்று அவர்கள் திருப்பிக் கத்துவார்கள். இது பல வருடமாக நடக்கிற கூத்து. யாருக்கும் காயமில்லை.

இந்த வருடம் அவர்களுக்குப் புது ஆயுதம் கிடைத்தது. நம் கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சில மாதங்களாகச் சம்பளம் பாக்கி. பேப்பரிலேயே வந்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே அக்கரை ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள்: "காஜி மானா? காஜி மானா?" சம்பளம் எங்கே, சம்பளம் எங்கே! கையில் ஒலிபெருக்கியோடு ஒரு பருத்த மனிதர் அதற்குத் தலைமை தாங்கினார். முகத்தில் பாதி சிவப்புச் சாயம். அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. 'இந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டி இருக்குமா?' என்று நினைத்தேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

சரி, சம்பளம் கொடுக்காத கிளப் என்ன செய்தது? போன மாதம் ஒரு ஷாப்பிங் மாலில் புது ஸ்டேடியத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியது. நானும் போய்ப் பார்த்தேன். கடலை மண் போட்டு நிரப்பிக் கட்டப்போகிறார்களாம். கிண்ணம் மாதிரிக் கூரை. சுற்றிலும் பிளாஸ்டிக் மரங்கள். விரல் நகம் அளவில் பிளாஸ்டிக் மனிதர்கள், கையில் பலூனோடு. மேலே வெள்ளைப் பறவைகள் கூட நூலில் தொங்கின.

பறவைக்குக் காசு இருக்கிறது. கோல்கீப்பருக்கு இல்லை. அன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பயந்த சுபாவம். அனிட்டா ஆறு வயதில் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில் இருபது நிமிடம் காணாமல் போனாள். மெழுகுவத்தி விற்கும் கடை அருகே அழுதுகொண்டு நின்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எங்கே போனாலும், காரை விட்டு இறங்கும் முன் 'எங்கே சந்திப்பது' என்று முடிவு செய்வோம். லிட்டில் இந்தியாவில் என்றால் மூலை நகைக்கடை வாசல். காய்கறிப் பாசாரில் என்றால் தேங்காய் துருவும் கடை. ஸ்டேடியத்தில் என்றால் மூன்றாவது வாசல்.

"ஆட்டம் முடிஞ்சதும் எங்கேயும் சுத்தக் கூடாது. நேரா மூணாவது வாசலுக்கு வரணும். முதல் ஆளா வரணும்."

"அம்மா, ஓகே லா. எத்தன தடவ சொல்வீங்க?"

அவள் என் பேச்சைக் கேட்கும் பிள்ளை. அதுதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

முழங்கால் வலிக்காக நான் கூரை போட்ட பக்கத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். விசில் ஊதியதும் நான் முன்வாசல் வழியாக வெளியேறி, குடையோடு சுற்றிக்கொண்டு மூன்றாவது வாசலுக்குப் போனேன்.

கதவில் சங்கிலி.

உள்ளே முதல் ஆளாக அனிட்டா. டிரம்மைக் கழுத்தில் மாட்டியபடி, தலை நனைந்து... "அம்மா, பூட்டியிருக்கு" என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டுகளில் இருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அவர்கள் வெளியேறும் வழி அதுதான். மழை வேறு. முன்னால் இருப்பவர்களுக்குக் கதவு பூட்டியிருப்பது தெரியும். மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கதவோரம் மழைக்கோட்டு போட்ட ஒரு காவலாளி நின்றார். நம்மவர்தான்.

"அண்ணே, கதவத் தொறங்க!"

"சாவி எங்கிட்ட இல்லக்கா. சூப்பர்வைசர்கிட்ட இருக்கு. போன் அடிச்சிட்டேன், எடுக்கல."

"ஏன் பூட்டினீங்க?"

"எப்பவும் பன்னெண்டு பேர் வருவோம்கா. கிளப் எங்க கம்பெனிக்குக் காசு கட்டல. இன்னிக்கி நாலு பேர்தான் அனுப்பினாங்க. ஆள் இல்லாத வாசலப் பூட்டிடுன்னு ஆர்டர்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அனிட்டாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் கம்பியோடு ஒட்டிவிட்டாள். "தள்ளாதீங்க" என்று திரும்பிச் சொல்லப் பார்த்தாள், திரும்ப முடியவில்லை. நெஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவில் டிரம் மாட்டிக்கொண்டது. அவள் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. நான் கம்பிக்குள் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்? பூட்டைக் குடையால் அடித்தேன். குடைதான் உடைந்தது.

இந்த நேரத்தில் ஸ்டேடியத்தின் பெரிய திரையும் ஸ்பீக்கரும் என்ன செய்தன தெரியுமா? 'எல்லோரும் நில்லுங்கள், வாசல் பூட்டியிருக்கிறது' என்று ஒரு வார்த்தை? இல்லை. புது ஸ்டேடியத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வயலின் இசையோடு. பலூனோடு.

பக்கத்துப் பகுதியில் அக்கரை ரசிகர்கள் இருந்தார்கள். உள்ளூர் ஆட்கள் போகும்வரை வெளியூர் ஆட்களை நிறுத்தி வைப்பது வழக்கம், அடிதடி வரக் கூடாது என்று. நடுவில் கம்பிவலை, அதில் ஒரு சின்னக் கதவு. அந்தப் பருத்த மனிதர் வலையோரமாக ஓடி வந்தார். எங்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒலிபெருக்கியைத் தூக்கி மலாயில் கத்தினார், பிறகு தமிழில் கத்தினார்:

"பின்னால போங்க! கதவு பூட்டியிருக்கு! பின்னால போங்க!"

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஊளையிட்டார்கள்.

ஆமாம். இரண்டு மணி நேரம் 'சம்பளம் எங்கே' என்று சீண்டிய அதே குரல். இதுவும் கிண்டல் என்று நினைத்துவிட்டார்கள். தோற்றவனைப் பார்த்து, திரும்பிப் போ என்று சொல்கிறான்... "நீ போடா பின்னால! பெர்ரிப் படகு போயிடப் போவுது!" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். இன்னும் வேகமாக இறங்கினார்கள். அனிட்டாவின் விரல் என் கையில் குளிர்ந்துகொண்டு வந்தது.

ஒலிபெருக்கிக்காரர் திரும்பி, தன் ஆட்களில் டிரம் வைத்திருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

மூன்று அடி. சின்ன இடைவெளி. மூன்று அடி.

நம் அடி! அக்கரை டிரம்மில் நம் அடி.

மறுபடி. மறுபடி. மேல்படியில் நின்ற ஒருவர் உட்கார்ந்தார். யோசித்து உட்காரவில்லை, பழக்கத்தில் கால் மடிந்தது. பக்கத்தில் இருந்தவரும் உட்கார்ந்தார். வரிசை வரிசையாக, மழையில், ஈரப் படிக்கட்டில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சத்தம் அடங்கியது. அப்போதுதான் கீழே இருந்த பிள்ளைகளின் அழுகை அவர்களுக்குக் கேட்டது.

"மூச்சு விட்டேன்மா" என்று அனிட்டா பிறகு சொன்னாள். "முதல்ல மூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்த அடியே காதுல விழுந்துச்சு."

அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் கம்பிவலைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள். நம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அக்கரை ரசிகர்கள் நடுவே நடந்து, அக்கரை வாசல் வழியாக வெளியே வந்தார்கள். எதிரணி வாசலுக்கு ஆள் குறைக்க முடியாது, பாருங்கள். அங்கே போலீஸ் நிற்கும்.

நான் அந்த வாசலுக்கு ஓடினேன். முழங்கால் ஞாபகமே இல்லை. அனிட்டா அந்த மனிதரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டிரம்மின் மர விளிம்பில் இரண்டு கம்பிகளின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்தத் தடம் எங்கே பதிந்திருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

"பிள்ளைக்குத் தண்ணி குடுங்கக்கா" என்றார். மழையில் சாயம் கரைந்து அவர் சட்டையெல்லாம் சிவப்பு. "எனக்கும் ரெண்டு பொண்ணு. ரெண்டும் உங்க வெளங்காத டீமுக்குத்தான் கத்துதுங்க."

"எங்க அடி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எத்தன வருஷமா கேக்கறோம்! நீங்க உட்கார்ற நேரம் பார்த்துத்தானே நாங்க எழும்பிக் கிண்டல் பண்ணுவோம்." பிறகு அனிட்டாவைப் பார்த்து, "நல்லா அடிக்கிறம்மா. டீம்தான் வேஸ்ட் லா" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்.

கிளினிக்கில் பார்த்தோம். விலா எலும்பில் முறிவு இல்லை, கன்றிப்போயிருக்கிறது. இன்னும் சிலருக்குக் கை கால் சுளுக்கு. உயிர்ச்சேதம் இல்லை. அதனால் அது செய்தியும் இல்லை. மறுநாள் பேப்பரில் கோல் போட்டவரின் படம் வந்தது.

நேற்று கிளப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையான ஓர் இளைஞர் பேசினார். தமிழர்தான், ஆனால் 'மேடம்' என்பதை மலாயில் 'புவான்' என்றே சொன்னார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கவலை புரியுது புவான். புது ஸ்டேடியத்துல இந்தப் பிரச்சினையே வராது. வாசல் எல்லாம் ஆட்டோமேட்டிக்."

"புது ஸ்டேடியம் எப்ப வரும் தம்பி?"

"பணம் எல்லாம் கூடி வந்தா அஞ்சு வருஷத்துல."

"அடுத்த மேட்ச் எப்ப?"

"இந்த சனிக்கிழமை."

"அதுக்கு மூணாவது வாசல் திறந்திருக்குமா?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"செக் பண்ணிச் சொல்றேன் புவான்." இதை எழுதும்வரை சொல்லவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரு கதவைத் திறந்து வைக்க எத்தனை கோடி வெள்ளிப் பணம் வேண்டும்? எட்டுக் காவலாளிகளின் ஒரு மாலைச் சம்பளம். அந்த வெள்ளைப் பறவைகளைத் தொங்கவிட்ட மாதிரிக்கு ஆன செலவில் பாதி கூட வராது. ஐந்து வருடம் கழித்து வரப்போகும் பிளாஸ்டிக் மனிதர்களுக்கு அகலமான வாசல். இன்றைக்கு டிக்கெட் வாங்கி மழையில் நிற்கும் மனிதர்களுக்குச் சங்கிலி. இதைத் திட்டம் என்கிறார்கள். என் மொழியில் இதற்கு வேறு பெயர் உண்டு, ஆசிரியர் அச்சிட மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் ஊளையிட்டது பற்றி. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மனிதரைப் பார்த்து நான் நினைத்ததும் அதே ஊளைதான். சத்தமில்லாமல் ஊளையிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். கிளப்பும் எங்களை அப்படியே வைத்திருக்கத்தான் விரும்பும். அக்கரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்வரை யாரும் அலுவலகத்தைப் பார்த்துக் கத்த மாட்டார்கள் அல்லவா?

"இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றார் என் கணவர். எனக்கும் அதே எண்ணம்தான். அனிட்டா டிரம்மின் பள்ளத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"நான் போகலன்னா மத்தவங்க போகாம இருப்பாங்களா டாடி? அவங்கள யாரு உட்கார வைப்பா?"

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். சனிக்கிழமை டிக்கெட் கவுண்டருக்குப் போகும் முன் இருவரும் மூன்றாவது வாசலுக்குப் போவோம். அதில் சங்கிலி இருந்தால் படம் எடுத்து அவர்கள் அலுவலகத்துக்கும் இந்தப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். நீங்கள் போனாலும் அதையே செய்யுங்கள். முதலில் வாசல், பிறகு டிக்கெட்.

"சங்கிலி இல்லாட்டி?" என்றாள்.

"உள்ள போகலாம்."

"எங்கம்மா சந்திக்கிறது?"

எதிரணி வாசலில் என்றேன்.