நகப்பூச்சு வைத்த நான்கு போல்ட்டுகள்

என் பெரியம்மா கால்நடை மருத்துவர். அவர் யாரையும் நம்பமாட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அது தப்பு, பசுக்களை நம்புவார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். சாப்பிட்டுவிட்டேன் என்றால் என் தட்டைப் போய்ப் பார்ப்பார்.

அவருடைய ஜீப்புக்கு என்னைவிட வயது அதிகம். மேட்டுப் பண்ணைகளுக்கு ஏற, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில், முன் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு தேய்ந்த ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்கப் போகும் வழியில், நடு ஏற்றத்தில் அது முறிந்தது. பெரியம்மா நடந்து போய்ச் சேர்ந்தபோது கன்று இறந்திருந்தது. பிறகு அலைந்து திரிந்து நல்ல ஷாஃப்ட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இன்னொன்று கிடைக்காது.

இந்த முறை வேறு மெக்கானிக். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடவேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸ் என்னும் இணைப்பு மூட்டைப் புதிதாக மாற்றவேண்டும். தனியாள், அதிகம் பேசமாட்டார். அதுவே பெரியம்மாவுக்கு உறுத்தியது.

"பேசாதவன் எதையோ முழுங்கறான்டி."

"நானும்தான் பேசமாட்டேன், பெரிம்மா."

"உன்னையும்தான் பாத்துட்டு இருக்கேன்."

சனிக்கிழமை மதியம் போனோம். ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் நான்கு போல்ட்டுகளில் தொங்கியது. மெக்கானிக் சாப்பிடக் கிளம்பினார்.

"எதையும் தொடாதீங்க டாக்டரம்மா. கை அழுக்காயிடும்."

அவர் தலை மறைந்ததும் பெரியம்மா கிசுகிசுத்தார்: "பாத்தியா, தொடாதீங்கங்கறான்." கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தார். நகத்துக்கு எதையும் பூசி நான் பார்த்ததில்லை. அடியில் புகுந்து, நான்கு போல்ட்டுகளிலும் ஷாஃப்ட்டின் நடுவிலும் பொட்டு வைத்தார். "மாத்தினான்னா மாட்டினான்."

திங்கட்கிழமை வண்டி தயார். சாக்கு விரித்துப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாப் பொட்டுகளும் இருந்தன. எழுந்தபோது முகத்தில் சின்ன ஏமாற்றம்.

பிரேக் மிதித்த இடத்தில் நின்றது. தெருக்கோடி மண்திடலில் நான்கு சக்கரத்துக்கும் கியர் மாற்றியதும் அடியில் 'டக்' என்றது. மறுபடியும் 'டக்'. இறங்கிப் பார்த்தார். பொட்டு வைத்த போல்ட் விரலால் திருப்பியதுமே சுழன்றது.

போன் போன வேகத்தில் மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

"என்ன தம்பி, என்னைக் கொல்லப் பாத்தீங்களா? நாலும் ஆடுது!"

அவர் குனிந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொட்டு இருக்கேம்மா... டார்க் ரெஞ்ச் வெச்சு, இறுக்கம் சரின்னு அது 'கிளிக்'குன்னு சொல்றவரைக்கும் முறுக்கினாதான் நான் பொட்டு வைப்பேன். பொட்டு வெச்சதைத் திரும்பத் தொடமாட்டேன். சாப்பிட்டு வந்து பாத்தா இருந்துது. முன்னாடியே முறுக்கிட்டோம்போலன்னு விட்டுட்டேன்."

"பொட்டா? எந்தப் பெயின்ட்ல?"

சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார். நகப்பூச்சு. அதே சிவப்பு. "வீட்டுக்காரி போட்டு மீந்தது. ஆனா இதை நான் வைக்கலேன்னா, வேற யாரு வெச்சா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பிரேக் டிஸ்க்கைப் பார்த்தேன்.

"உங்க பட்டறையில யார் வேணா வந்து போறாங்கபோல," என்றார்.

பெரியம்மாவின் கைப்பை திறந்திருந்தது; உள்ளே சிவப்புக் குப்பி. மெக்கானிக் அதையே பார்த்தார்.

"சரி, நான்தான்," என்றார் பெரியம்மா. "ஷாஃப்ட்டை மாத்திடுவீங்களோன்னு."

மெக்கானிக் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். 'கிளிக்' என்று கேட்கும்போதெல்லாம் பெரியம்மா விரல் மடக்கினார். நான்காவது முடிந்ததும் அடியிலிருந்து குரல் வந்தது:

"செவப்பு என்னோடது. நீங்க வேற கலர் வாங்கிக்கங்க."

இப்போது அந்த ஜீப்பின் போல்ட்டுகளில் சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் இருக்கிறது. மேட்டுப் பண்ணைக்குத் தடையில்லாமல் ஏறுகிறது. வண்டியை வேலைக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக் வெளியே சாப்பிடப் போவதில்லை. டிபன் பாக்ஸை முன் சக்கரத்தருகே திறந்துவைத்து, பெரியம்மாவின் கைப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுகிறார்.